பத்து விநாடிக்கு இரண்டு

கசப் துறையிலிருந்து ஒன்றரை மணி நேரம்.
படகில் நான்கு பேட்டரி,
காலிடையில் ஐஸ் பெட்டி.
பாறை தெரிந்ததும் ஹிலால் மோட்டாரைத் தணித்து
ஒரு பிடி சோறும் மூன்று பேரீச்சையும்
கடலுக்குக் கொடுத்தான்.
"தாய்க்கு. பக்கத்தில் அந்தச் சின்னது இரண்டும் பெண்கள்.
விளக்கு வந்த நாளிலிருந்து
அதுகள் தூங்கவில்லை."
அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தான்:
"நீதானே விளக்குக்காரன், கர்தோசா."

என் பெயரை எங்கள் கரையில் விட்டுப்போனவர்கள்தான்
அவன் ஊர்க் கோட்டையையும் கட்டினார்கள்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

இரும்பேணியில் துரு, கையெல்லாம் சிவப்பு.
சோலார் தகட்டில் நீர்க்காகங்களின் எச்சம்
சுண்ணாம்பு பூசிய சுவர்போல.
சுரண்டினேன். கழற்றினேன். மாட்டினேன்.
ஷமால் எழுந்துவிட்டது,
காலையில் வருகிறேன் என்று
ஹிலால் கையசைத்துப் போய்விட்டான்.
ஈரானுக்கு நல்வரவு என்றது கைபேசி.

ஏழு பத்துக்கு எல்லாம் தயார்.
சுவிட்சில் விரல்.
கீழே கருத்த நீரில்
சின்னப் பாறைகள் இரண்டும்
முதுகைக் காட்டிக் கிடந்தன.
எட்டு நாள் இருட்டு அதுகளுக்கு.
டேங்கர்களுக்கு ராடார் உண்டு,
இந்த விளக்கை நம்பி யார் வரப்போகிறார்கள் என்று
ஒரு பிஸ்கட் தின்றேன்.
இன்னொன்றும் தின்றேன்.

அப்போது குழந்தை அழுதது.

இடதுபுறம், பாறையடியில்.
இல்லை, பாறைக்குள்.
ஒன்றல்ல, நிறைய.
வியர்வை காதோரம் குளிர்ந்தது.
மாதாவே என்றேன், யா அல்லா என்றும் சொன்னேன்,
அந்த இடத்துக்கு எது பொருந்துமோ.
சுவிட்சை அடித்தேன்.

ஒன்று. இரண்டு.
வெளிச்சத்தில் ஒரு வேகப்படகு,
வயிறு முட்ட ஆடுகள்,
சுக்கானில் மீசை முளைக்காத பையன்,
பாறைக்கும் அவனுக்கும் நாலு முழம்.
ஒடித்துத் திருப்பினான்.
தப்பித்த நிமிடமே தலை நிமிர்த்தி
பார்சியில் என்னைத் திட்டத் தொடங்கினான்.
அவனுக்கும் இருட்டுதான் வேண்டியிருந்தது.

இரவு முழுக்க எண்ணினேன்:
இரண்டு மின்னல், பிறகு கருப்பு.
அந்தக் கருப்பில் அதுகள் கண்ணசந்தால் உண்டு.

படிவத்தில் எழுதினேன்:
பணி முடிந்த நேரம் 7.40.

ஹிலால் கயிற்றை எறிந்தபடி கேட்டான்,
"தூங்கினார்களா?"
"அரை மணி," என்றேன்.
மிச்சமிருந்த பிஸ்கட்டை எடுத்து
அவன் பார்க்காத பக்கமாக
நீரில் விட்டேன்.