ஆறு மாதத்துக்கு ஒருமுறை

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக் கேண்டீனில்
இரத்த தானம் என்று பதாகை கட்டியிருந்தார்கள்.
கொடுத்தால் அரைநாள் விடுப்பு, ஒரு மைலோ, இரண்டு பிஸ்கட்.
மைலோவுக்காகத்தான் போனேன்.
மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது:
உங்கள் இரத்தம் வேண்டாம்,
நீங்கள் மட்டும் வாருங்கள்.

டாக்டர் கல்லீரலை வரைந்து காட்டினார்,
சாய்ந்து கிடக்கும் தலையணை மாதிரி.
அதற்குள் முப்பத்தெட்டு வருடமாக
வாடகை தராமல் ஒரு கிருமி.
வலிக்கவே இல்லையே என்றேன்.
அதற்கு வலிக்கத் தெரியாது என்றார்.
சுருங்கலாம், புற்று வைக்கலாம்,
ஒன்றுமே ஆகாமலும் போகலாம்.
மாத்திரை இப்போதைக்கு வேண்டாம்,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடு.

பயந்தால் ஈரக்குலை நடுங்குது என்போம்.
இவ்வளவு பேசி வைத்திருந்தும்
அது எந்தப் பக்கம் இருக்கிறதென்று
அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
வலது.

வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு தம்ளர் முளைத்தது.
யார் வைத்ததென்று யாரும் சொல்லவில்லை.
தம்ளரில் தொற்றாது.
ஒரே துண்டு மீனைப் பிய்த்துத் தின்றாலும்,
கட்டிப்பிடித்து அழுதாலும் தொற்றாது.
இரத்தம், சவரக்கத்தி, பல்துலக்கி, படுக்கை,
இதைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன்.
நந்தகோபன் மூன்று ஊசியும் போட்டுக்கொண்டு
இப்போது அந்தத் தம்ளரில்தான் தேநீர் குடிக்கிறான்.
மாமியார் வேறு பக்கம் பார்க்கிறார்.
கீழ்வீட்டு அக்கா கீழாநெல்லி வேரோடு கொடுத்தார்.
தொட்டியில் நட்டு வைத்தேன்.
அது நன்றாக இருக்கிறது.

தம்பி யோகேஸ்வரனுக்கு ஒன்றுமில்லை.
அவன் பிறந்த அன்றே தொடையில் ஓர் ஊசி.
ஆறு வருடம் முந்திப் பிறந்தவள் நான்,
அந்த ஊசி அப்போது இந்த ஊருக்கு வந்திருக்கவில்லை.
வேறு வித்தியாசம் கிடையாது.
ஒரே வயிறு.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
உங்களிடமிருந்து வந்தது என்று சொல்லாமல்
உங்களுக்கும் இருக்கலாம் என்று
அம்மாவிடம் எப்படிச் சொல்வது?
கொலஸ்ட்ரால் பார்க்கலாம் என்று பொய் சொல்லி
பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் கூட்டி வந்தேன்.
கடல் பூராவும் கத்தரிக்காய் விலை பேசினார்.

பெரிய ஆஸ்பத்திரி. எண் 3047.
தாதி ஃபரிடா என்னைக் கண்டதும்
வழக்கம்போல் ஜாகா ஹாத்தி என்றாள்.
மலாயில் கல்லீரலுக்கும் மனசுக்கும் ஒரே சொல்.
எதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று
இதுவரை நான் கேட்டதில்லை.

"கொலஸ்ட்ராலுக்கு எதுக்குடி நாலு டியூப்பு?"
அம்மா முழங்கையை மடக்காமல் கேட்டார்.
நான் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன்.
சிவப்பு மெல்ல ஊறி வந்தது.

"ரத்தம். நீ தொடாதே" என்று
பஞ்சை என் விரலிலிருந்து வாங்கிக்கொண்டார்.