தலை நிற்கும் வரை

எங்கள் சபைக்குப் பின்னால் ரயில் பாதை.
லிங்கராஜபுரத்துக்காரர்களுக்குத் தெரியும்.
வண்டி கடக்கும்போதெல்லாம் போதகர்
வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திக் காத்திருப்பார்.
அந்த இடைவெளியில்தான் நான்
அதிகமாக ஜெபித்திருக்கிறேன்.

என்ன ஜெபம்!
ஹென்னூர் சிக்னல் பச்சையாகட்டும் ஆண்டவரே,
தண்ணி டேங்கர் எங்கள் தெருவுக்கு முதலில் வரட்டும்,
வீட்டுக்காரர் வாடகை உயர்த்த மறந்துபோகட்டும்.
சில நாள் பச்சை விழுந்தது.
அன்றெல்லாம் தேவன் என்னோடு இருந்தார்.
சிவப்பு விழுந்த நாட்களில் எங்கிருந்தார் என்று
கேட்டதில்லை,
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த வாக்குத்தத்த அட்டைகள்.
டிசம்பர் முப்பத்தொன்று நள்ளிரவில் தட்டில் வரும்,
கண்ணை மூடி ஒன்று எடுக்க வேண்டும்.
பொறுமை, உபத்திரவம், காத்திரு,
இந்த மாதிரி ஏதாவது வந்தால்
தட்டு அடுத்த வரிசைக்கு நகருமுன்
திருப்பி வைத்துவிட்டு வேறு எடுப்பேன்.
ஒரு வருஷம் மூன்றாவதும் எடுத்தேன்.
ஆசீர்வாதம், கனி, நிறைவு என்று
பார்த்துப் பார்த்துச் சேர்த்த பதினோரு அட்டைகள்
பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன,
ஸ்கேன் ரிப்போர்ட்டுகளுக்கு மேலே.

போன டிசம்பரில் குழந்தைகள் அறையில் எனக்கு முறை.
பியூலா வந்தாள்.
அவளுக்கும் எனக்கும் ஒரே டாக்டர், ஃப்ரேசர் டவுனில்.
ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
டோக்கன் நம்பரை வெறித்திருக்கிறோம்.
“அக்கா, சாட்சி சொல்லக் கூப்பிடுறாங்க,
கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.”
ஏழு வாரக் குழந்தை என் கைக்கு வந்துவிட்டது.
யோசிக்காமல் கொடுத்தாளா,
யோசித்துத்தான் கொடுத்தாளா,
இன்றுவரை தெரியாது.

ஸ்பீக்கரில் அவள் குரல்.
எட்டு வருஷம் என்றாள், அழுதேன் என்றாள்,
கேட்டார் என்றாள், கொடுத்தார் என்றாள்.
சபை கைதட்டியது.
நான் தட்டவில்லை.
ஒரு கை தலைக்கு அடியில் இருந்தது,
எடுத்தால் தலை தொங்கிவிடும்.

அப்படி ஒரு காரணம் கிடைத்ததைக்
கிருபை என்றுதான் சொல்வேன்.
ஏனென்றால் சந்தோஷம் வரவில்லை.
வந்தது,
எச்சில் விழுங்கும்போது மீன்முள்ளாய்த் தைக்கும் ஒன்று.
பிரசங்கத்தில் அதன் பெயர் வரும்போதெல்லாம்
பக்கத்து பெஞ்சைத்தான் பார்த்திருக்கிறேன்.

குழந்தை கொட்டாவி விட்டது.
ஸ்வெட்டருக்குள் புளித்த பால் வாசனை.
தலை நிற்க இன்னும் இரண்டு மாதமாவது ஆகும்,
அதுவரை யாராவது ஒருவர் கை
அடியில் இருந்தாக வேண்டும்.
அதற்கு அது தெரிய வேண்டியதில்லை.

நாற்பத்துமூன்று வயது எனக்கு.
திடப்படுத்தல் எடுத்து இருபத்தேழு வருஷம்.
ஓய்வுநாள் பள்ளியில் சின்னவர்களுக்கு
விசுவாசம் என்றால் என்ன என்று பாடம் எடுக்கிறேன்.
சிவப்பு விழுந்த நாட்களை
அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

ரயில் வந்தது. பியூலாவின் குரல் பாதியில் நின்றது.
வழக்கம்போல் ஜெபிக்கப் பார்த்தேன்.
கேட்க வேண்டியது மாறவில்லை,
அதே ஒன்றுதான், பதினோரு வருஷமாக.
ஆனால் வாயில் வந்தது
“இவன் தலை பத்திரம்.”
ஆமென் சொல்ல மறந்துவிட்டேன்,
கடைசிப் பெட்டி போய்விட்டது.

தட்டு எங்கள் அறைக்குக் கடைசியில் வந்தது.
மிச்சம் நாலைந்து அட்டை.
இடது கையால் ஒன்றை உருவினேன்.
காத்திரு.
தட்டைப் பிடித்திருந்த தயாளன் அண்ணன்
என் வழக்கம் அறிந்தவர்,
நகராமல் நின்றார்.
“போதும்ணா” என்றேன்.

வெளியே வானம் வெடித்துக்கொண்டிருந்தது.
பியூலா ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.
கை மரத்துப் போயிருந்தது.
கேட்டருகே வாட்ச்மேன் மல்லப்பா
“ஹொச வருஷத ஷுபாஷய மேடம்” என்று
காகிதக் கப்பில் டீ நீட்டினார்.
முள் அங்கேயேதான் இருந்தது.
அதைக் கடந்து
டீ சூடாக இறங்கியது.