கார்டு இல்லை

பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் பேசுவாள்.
ஈடீசீ காடோ கா என்று தொடங்கி
இமாசென் என்று முடிப்பாள்.
நாலு வருடமாகக் கேட்கிறேன்.
கோபமா கெஞ்சலா, பிடிபடவில்லை.

பஞ்சிகாவத்தை மிஃப்லால்தான் சொன்னான்:
'கார்டு போடேல்ல எண்டு சொல்லுறா அக்கா.
அங்க ஹைவேக்குக் காசு வெட்டுற கார்டு.
இங்க அது வேலையில்ல, அவவுக்கு ஆர் சொல்லுறது?'

தொழிற்சாலையிலேயே
டாஷ்போர்டோடு சேர்த்துப் பதித்த திரை.
கழற்றினால் குழி விழும்,
குழியை மூட முப்பத்தெட்டாயிரம்.
லீசிங் இன்னும் பதினேழு மாதம் கிடக்கிறது.
இருந்திட்டுப் போகட்டும் என்றேன்.

அந்தத் திரையில் கொழும்பு இல்லை.
ஏதோ ஒரு துறைமுகப் பட்டினம்,
வாசிக்க முடியாத எழுத்து,
நடுவில் சிவப்பு அம்பாக நான்.
வெள்ளவத்தைச் சந்தியில் இடப்பக்கம் ஒடித்தால்
அம்பும் அங்கே ஒடியும்.
சில்லு சுற்றுவது தெரியும் அதற்கு,
எந்தத் தரையில் என்பது தெரியாது.
ஒருநாள் ஹெவ்லொக் வீதி முழுக்கக்
கடலுக்கு மேலால் ஓடினேன்,
பின்சீட்டில் ஒரு கணக்காளரோடு.
அவர் நனையவில்லை.
மீதிக் காசை எண்ணி வாங்கினார்.

மற்றவள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்பவள்.
பம்பலப்பிட்டியில் பேரம் பேசி வாங்கியது,
உள்ளங்கை அளவு, ரப்பர் உறிஞ்சியோடு.
தெமட்டகொடையை அவள் உச்சரிக்கும்போது
பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள்,
ஆனால் ஒழுங்கை ஒழுங்கையாகத் தெரியும்.
மத்தியான வெயிலில் பிடி நழுவிக்
கியருக்குக் கீழே விழுவாள்.
அங்கே கிடந்தபடியே
இருநூறு மீட்டரில் வலப்பக்கம் என்பாள்.
கண்ணாடி உடைப்பார்களோ என்ற பயத்தில்
இரவில் கழற்றிக் கைப்பையில் போடுவேன்.
விடிய எச்சில் தொட்டு மறுபடி ஒட்டுவேன்.
ஒட்டிய இடத்தில் ஒரு வட்டம்,
எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது.

காசல் வீதி ஆஸ்பத்திரி வாசலில்
ஒரு இரவு, வெயிட்டிங் ஹயர்.
சும்மா இருக்க ஏலாமல்
பதித்த திரையின் பொத்தான்களை அமுக்கினேன்.
ஒன்றில் சின்ன வீட்டுப் படம்.
தொட்டதும்
என் அம்பிலிருந்து ஒரு நீலக்கோடு புறப்பட்டு
வளைந்து வளைந்து போய்
ஒரு தெருமுனைக் கொடியில் முடிந்தது.
பதினாலு நிமிடம் என்று காட்டியது.
விற்றவர் அழிக்க மறந்த வீடு.
எப்படி அழிப்பதென்று எனக்கும் தெரியவில்லை.
பொரளையில் திரும்பினால் பன்னிரண்டு,
மருதானை நெரிசலில் இருபது.
யாரோ எனக்காகச் சோறு போட்டு
மூடி வைத்திருப்பதுபோல.

ஒட்டுகிறவளிடமும் வீடு உண்டு.
வீடு ஒன்று, கொட்டாஞ்சேனை.
வீடு இரண்டு, தெஹிவளை.
வீடு மூன்றில் கரண்ட் பில் சண்டை.
வீடு நாலை மகனுக்கென்று கேட்டார்கள், கொடுத்தோம்.
எல்லாவற்றுக்கும் பிசகாமல் வழி சொல்லுவாள்.

போன மாதம் ஐந்தாவது, மட்டக்குளியில்.
கூரையில் மெத்தை, பின்னால் காஸ் சிலிண்டர்,
என் பக்கத்தில் ரைஸ் குக்கரை மடியில் வைத்து
மகள் அபிநேயா.
சேற்று ஒழுங்கை ஒன்றுக்குள்
கண்ணாடிக்காரி குழம்பிப்போய்த்
திரும்பிப் போ, திரும்பிப் போ என்றாள்.
அதே நேரம் கீழே
அந்தச் சிவப்பு அம்பு,
இத்தனை நாள் ஹயரெல்லாம் அலைந்து எப்படியோ
கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.
கோடு மறைந்தது.
கார்டுக்காரி இதுவரை சொல்லாத ஒன்றை
ஆறுதலாகச் சொன்னாள்:
மொக்குதெக்கிச்சி ஷூஹென் தெஸ்.

'என்னவாம் அம்மா?'
'வந்திட்டமாம்.'

வீட்டுக்காரர் கேட்டைப் பாதி திறந்து
முற்பணம் கொண்டுவந்தீர்களா என்றார்.
மழை தூறியது.
மெத்தையை முதலில் இறக்கினோம்.