பூஜ்யம் பைட்

பெய்ப்சி ஏரி உறையும் மாதங்களில்
விடியுமுன் இறங்குவாள் மார்யு.
துளைக்கருவியைத் திருகி, கோலை இறக்கி,
இருபத்தொன்பது சென்டிமீட்டர்,
கரையோரம் பதினாறு,
நாணல் பக்கம் போகவேண்டாம்
என்று தளத்தில் ஏற்றுவாள்.
அதைப் பார்த்துவிட்டுத்தான்
முஸ்த்வே மீனவர்கள் வண்டியை இறக்குவார்கள்.

பதினான்கு குளிர்காலம்.
மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
தளம் இருந்த இடத்தில் வெள்ளைப் பக்கம்.

தாலினிலிருந்து ரைகோ பேசினான், மரியாதையான பையன்.
வட்டு போய்விட்டது, கவலை வேண்டாம்,
இரவு மூன்று மணிக்கு பேக்கப்,
ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

உண்மைதான்.
முப்பது இரவு, முப்பது கோப்பு,
ஒவ்வொன்றிலும் பச்சை டிக்.
ஒவ்வொன்றும் பூஜ்யம் பைட்.
போன மே மாதம் சர்வர் மாற்றியதிலிருந்து
ஒரு காலி அடைவைக்
கண்ணும் கருத்துமாய்ப் பிரதியெடுத்திருக்கிறது இயந்திரம்.
அதற்கு முந்தியவை
விதிப்படி அழிந்துவிட்டன.

ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவை
அவன் வாசித்தபோது குரல் இறங்கியது.
இரண்டு மாதக் கட்டணம் திரும்ப வருமாம்.

அவள் சத்தம் போடவில்லை.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று
ஊருக்கே சொன்னவள்
இங்கே ஒரு துளைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.
நகத்தளவு பச்சையின்மேல்
பதினான்கு வருடத்தை நிறுத்திவைத்திருந்தாள்.

புதன்கிழமை. துளைக்குள்ளிருந்து
தண்ணீர் மேலேறி கோலை நனைத்தது.
பதினொன்று.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
போனை எடுத்தாள்:

சவ்வா, இன்றைக்கு வண்டி வேண்டாம்.
நான் சொன்னேன் என்பதற்காக இல்லை,
நடந்து வா,
வந்து நீயே கோலை விட்டுப் பார்.