தடைக்காலத்தின் நாற்பத்து மூன்றாம் இரவு

விசைப்படகெல்லாம் கயிற்றில் முட்டிக்கொண்டு கிடக்கின்றன
தங்கச்சிமடத்தில்.
ராத்திரியில் மனுசன் வீட்டில் இருக்கிற பழக்கம்
இன்னும் வரவில்லை எனக்கு.
பென்டிரைவைத் தரும்போதே
லேப் டெக்னீசியன் புளோரா கண்ணடித்தாள்:
"கதவைச் சாத்திட்டுப் பாருங்க சிஸ்டர்."

ஏதோ குளிர்க்கடல் ஓரத்து ஊர். மழை. டிராம்.
பியானோ ரிப்பேர் பார்க்கிற அவள்,
பேக்கரியில் ராவேலை பார்க்கிற அவன்.
ஆறாவது நிமிடத்தில் துணியில்லை.
கித்தேரியான் எழுந்துபோய்
மாதா படத்துக்குக் கீழே எரிந்த சின்ன பல்பை
அணைத்துவிட்டு வந்தார்.

ஒரே இயர்போன். வலது எனக்கு, இடது அவருக்கு.
அவள் வலப்பக்கம் நின்று பேசினால்
எனக்கு முழுசாய் விழுந்தது,
அவருக்கு எறும்பு ஊர்கிற மாதிரி.
சண்டைகளில் ஆளுக்குப் பாதிதான் கேட்டோம்.

உடம்பைக் கண்டு கூச நான் யார்?
பகலெல்லாம் பிரசவம், கத்தீட்டர், புண்.
எனக்குக் கூசியது வேறிடத்தில்.
எல்லாம் முடிந்து கட்டிலோரம் உட்கார்ந்து
அவள் கால்நகம் வெட்டுகிறாள்.
கேமரா நகரவே இல்லை.
பத்து நகமும் பலகைத் தரையில் விழுந்து முடிந்த பிறகு
அவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்:
"இன்னைக்கு உன்னைப் பிடிக்கல.
வியாழக்கிழமை பிடிக்கலாம்."

கீழே ஓடிய இங்கிலீஷை
நான்தான் தமிழில் கிசுகிசுத்தேன் அவருக்கு.
சில சொல்லுக்கு என்னிடம் இருந்தது ஆஸ்பத்திரித் தமிழ்,
இல்லாவிட்டால்
இறால் ஏலத்தில் பறக்கிற வசவு.
இரண்டுக்கும் நடுவே,
கட்டிலில் வைத்துச் சொல்ல ஒரு வார்த்தை
பதினோரு வருசத்தில் நாங்கள் செய்துகொள்ளவில்லை.
அந்த இடங்களில் "ம்" என்றேன்.
அவரும் "ம்".

அவள் அம்மணமாய் மாடிப்படியில் நின்று
தெருவே கேட்க அவனைத் திட்டும்போது
கரண்ட் போனது.
பேட்டரி செத்த லேப்டாப்.
வாய் திறந்தபடியே போய்விட்டாள்.

இருட்டில் கருவாட்டு வாடை.
இயர்போனை இருவரும் கழற்றவில்லை.

அப்போதுதான் சொன்னார்:
"யாழ்ப்பாணம் ஜெயில்ல கெடந்தேன்ல, எழுவது நாளு.
மூணாவது வாரத்துல ஒன் மொகம் மறந்துபோச்சு.
தேடிப் பாத்தேன். வரல.
டீக்கடை காலண்டர்ப் பொம்பளதான் வந்தா."

கலெக்டர் ஆபீசுக்கு நடந்த நடை,
மனு, மெழுகுவத்தி, முழங்காலில் போட்ட ஜெபம்
எல்லாம் தொண்டைவரை வந்தன.
வெளியே வந்தது வேறு:
"அந்த எழுவது நாளும் நான் நல்லாத் தூங்கினேன்.
கட்டில் முழுக்கக் கையக் கால விரிச்சு."

எவ்வளவு நேரமோ.
ஒயர் இறுகியது.
அவர் தலை என் பக்கம் திரும்புகிறது என்று
காதுக்குத் தெரிந்தது.

கரண்ட் வந்தபோது ஃபேன்தான் முதலில் பேசியது.
படத்தில் இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி.
நாளைக்குப் புளோரா கேட்பாள்.
நல்ல படம் என்பேன்,
முடிவைக் கேட்டால் முழிப்பேன்.

மணி ஒன்றரை.
அலமாரியைக் குடைந்துகொண்டே அவர் கேட்டார்,
"இந்த நகவெட்டிய எங்க வச்ச?"