இரண்டு வரியில் விளக்கவும்

குழு கேட்டிருந்தது:
புதிய படிவத்தின் ஏழாம் பக்கத்துக்கு
இரண்டு வரி விளக்கம் வேண்டும்.
துணை மருத்துவம் என்றால் என்ன,
மாற்று மருத்துவம் என்றால் என்ன.
வெள்ளிக்கிழமைக்குள்.

ஹாமர்ஃபெஸ்டில் நவம்பர் கடைசி.
சூரியன் இனி ஜனவரியில்தான்.
புற்றுநோய்ப் பிரிவின் சன்னல்
நண்பகலில் கொஞ்சம் நீலமாய் வெளுத்து
ஒரு மணிக்கெல்லாம் இழுத்து மூடிக்கொண்டது.

எங்கள் சிகிச்சையுடன் எடுத்தால் துணை.
எங்கள் சிகிச்சைக்குப் பதிலாக எடுத்தால் மாற்று.
காபி ஆறுவதற்குள் எழுதிவிட்டேன்.
அதே ஊசி, அதே வேர், அதே எண்ணெய்தான்;
பக்கத்தில் நாங்கள் இருக்கிறோமா என்பதைப் பார்த்து
பெயர் மாறிக்கொள்கிறது.

மூன்றாம் படுக்கையில் ஒட்னி.
ஒரு கையில் மருந்து சொட்டுகிறது,
மறு கையின் மணிக்கட்டில் துணிப்பட்டை, அதில் ஒரு குமிழ்.
அதை அழுத்திக்கொண்டே மகனோடு
ராஜநண்டு விலை பேசிக்கொண்டிருந்தாள்.
குமட்டல் குறைகிறதா என்றேன்.
"யாருக்குத் தெரியும். விரலுக்கு ஒரு வேலை."
துணை என்று குறித்தேன். முதல் வரி வேலை செய்தது.

போகிற போக்கில்தான் சொன்னாள்,
இருட்டு மாதங்களில் மனம் கனக்காமல் இருக்க
மஞ்சள் பூ போட்ட தேநீர் குடிப்பதாக.
பெரிக்கும். மூன்று வாரமாக, தினம் இரண்டு கோப்பை.
மருந்தாளர் குன்வோர் ஓடிவந்தாள், மூச்சிரைக்க:
நாம் ஏற்றுவதை அந்தப் பூ
ஈரலின் கொல்லைக் கதவு வழியாக
வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும்.
வழித்துணைக்கு வந்தவன்
பையில் கைவிட்டுக்கொண்டே நடந்திருக்கிறான்.
"உடன்" என்ற சொல்லை அடித்தேன்.
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். வேறு சொல் இல்லை.

அன்றிரவு நில்ஸ் அஸ்லாக்குக்கு மூக்கிலிருந்து இரத்தம்.
துண்டு நனைந்தது, இன்னொன்றும் நனைந்தது.
மருத்துவர் வீப்கெ பஞ்சு வைத்து அடைத்தார்,
தட்டணுக்கள் கொண்டுவரச் சொன்னார்.
நில்ஸ் என் கையைப் பிடித்து ஓர் எண் சொன்னார்.
காவ்துகெய்னோவில், நடுநிசியில்,
தூக்கக் கலக்கமே இல்லாத ஒரு பெண்குரல்
பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது,
சரி என்றது, வைத்துவிட்டது.
இருபது நிமிடத்தில் நின்றது.
தட்டணு என்றார் வீப்கெ.
தொலைபேசி என்றார் நில்ஸ்.
இருவருக்கும் தண்ணீர் கொடுத்தேன்.
அந்த அழைப்புக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுத?

தூர்லைஃபைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

ஏப்ரலில் அவர் கட்டி ஒரு பட்டாணி.
மே மாதத்திலிருந்து வரவில்லை.
அக்டோபரில் வந்தபோது
அளவு சொல்லக் காய்கறிக் கடையில் ஒன்றுமில்லை.
சட்டைப் பையில் பழுப்புக் குப்பி;
காலையில் ஏழு சொட்டு, மாலையில் ஏழு.
பழைய படிவத்தைத் தேடி எடுத்தேன்.
வேறு மருந்துகள்: இல்லை.
என் கையெழுத்து.

"கேட்டாய்" என்றார், "திரையைப் பார்த்துக்கொண்டே.
நானும் திரைக்கு ஒரு பதில் சொன்னேன்."

பேனாவை மூடி வைத்தேன். திரையைத் திருப்பினேன்.
அப்புறம் சொன்னார்.
ஆல்ட்டாவில், விடுதி ஒன்றின் கூட்ட அறையில்
பளபளக்கும் காலணி போட்ட ஓர் ஆள்.
குப்பிக்கு ஆயிரத்து நானூறு குரோனர்.
அந்த ஆள் ஒரு மணி நாற்பது நிமிடம்
கேட்டுக்கொண்டே இருந்தானாம்:
எப்படித் தூங்குகிறீர்கள், எதைக் கண்டு பயம்,
படகை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்.
இங்கே நாங்கள் ஒதுக்கியது பதினோரு நிமிடம்.
அதில் நான்கு, கடவுச்சொல் மறந்துபோனதில் போனது.

குப்பியில் என்ன என்று ஆய்வகம் சொன்னது:
கிளிசரின், தண்ணீர், கொஞ்சம் காளான் வாசனை.
அவன் பொய்யன்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.
ஆனால் அவன் கேட்ட கேள்விகளில் ஒன்றாவது
எங்கள் படிவத்தில் இருக்கிறதா என்று
ஏழு பக்கமும் புரட்டினேன்.

வெள்ளிக்கிழமை.
பழைய இரண்டு வரியையே அனுப்பினேன்;
அவை தப்பில்லை.
கீழே ஒன்று சேர்த்தேன்:
பேனாவை வைத்துவிட்டுக் கேட்கவும்.

திங்கட்கிழமை குழு பதில் எழுதியது.
நன்றி.
மூன்றாம் வரிக்கு இடமில்லை.