வெறும் வயிறு

"தைராய்டு மாத்திரை. வெறும் வயித்துல போடணும்."
ஏழு மாதம்.
முந்தானையை ஒதுக்கிக் குனிந்து பார்க்கிறேன்.
இதையா சிஸ்டர்?

ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரி, நீள பெஞ்சு.
குளுக்கோஸ் தண்ணீர் குடித்தவர்கள் வரிசை.
இரண்டு மணி நேரம் அசையக் கூடாது.
"வாந்தி வந்தா முழுங்கிக்கோக்கா,
இல்லன்னா இன்னொரு நாள் வரச் சொல்லுவாங்க"
என்கிறாள் கொருக்குப்பேட்டை ஷம்ஷாத்.
வாயெல்லாம் பாயசத்தின் தித்திப்பு,
பாயசத்தில் இருக்கிற ஒன்றும் இல்லாமல்.

நண்டு கொட்டாத விரலாகத் தேடிக் குத்தினார்கள்.
நூற்று அறுபத்தெட்டு.

போன மாதம் கழுத்து, இந்த மாதம் ரத்தம்.
டாக்டரம்மா அட்டையில் சிவப்பு வட்டம் போட்டார்,
பக்கத்திலேயே இன்னொன்று.
தொண்டையில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி,
அது சோம்பிப் போச்சும்மா என்றார்.
காசிமேட்டுல பட்டாம்பூச்சி ஏது மேடம், ஈதான் என்றேன்.
சிரித்தார். டோஸைக் கூட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை
மாமியாரிடம் அதைச் சொன்னதுதான்.
உட்கார்ந்தால் எழ மாட்டேங்கிறாள்,
கூடை தூக்கினால் மூச்சு வாங்குகிறாள் என்று
மாடி மாடியாய்ச் சொல்லி வந்தவள்.
சோம்பேறி நான் இல்ல அத்தை.
உள்ள ஒருத்தி இருக்கா.

மாமியார் பதில் சொல்லவில்லை.
ராத்திரி என் தட்டில்
சோறு பாதியாகவும் கீரை இரண்டு பங்காகவும் இருந்தது.
கோபமா, கணக்கா, தெரியவில்லை.

கழுத்துக்காரி பட்டினியாய் இரு என்கிறாள்.
சர்க்கரைக்காரி பட்டினி கிடக்காதே என்கிறாள்.
இரும்பு மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி நிற்க வேண்டும்,
சுண்ணாம்பு மாத்திரை அதற்கும் அப்பால்.
ஏலத்துக்கு வருகிற போட்டுகளைக்கூட
இத்தனை ஒழுங்காய் யாரும் நிறுத்தியதில்லை.

ஆனால் ஒன்று.
காலை மூன்று மணி.
மாத்திரை உள்ளே போயாச்சு.
அரை மணிக்கு டீ இல்லை, பன் இல்லை.
வெறும் வாயோடு வேலை பார்க்க எனக்கு வராது.
அதனால் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடிப் படியில்
சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்தொன்பது வயசில்
அரை மணி நேரம் யாரும் எனக்குத் தந்ததில்லை.
அம்மா தரவில்லை. சவரி தாலி கட்டினான், அரை மணி தரவில்லை.
ஐஸ் உடைக்கிற சத்தம் வருகிறது.
டீசல் வாசம். எண்ணூர்ச் சாலையில்
கன்டெய்னர் லாரிகள் நின்ற இடத்திலேயே தூங்குகின்றன.
இதையெல்லாம் தினம் தாண்டித்தான் போயிருக்கிறேன்,
தலையில் கூடையோடு, கீழே பார்த்துக்கொண்டு.

உள்ளே சவரி பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறான்.
"போடட்டுமா?"
இன்னும் பதினோரு நிமிஷம்.

வெறும் வயிறு உதைக்கிறது.
இரு என்கிறேன்.
உனக்கும் சேர்த்துத்தான் உட்கார்ந்திருக்கேன்.